பயணத்தில் தொழுகைக்குச் சுருக்கம் உண்டு, அடுப்படிக்கு இல்லையா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பள்ளித் தேர்வுகள் முடிந்துவிட்டால் எங்கள் அருள்புரத்திலிருந்தும் பல்லடம் சாலையை ஒட்டிய மற்ற குடியிருப்புகளிலிருந்தும் மலையை நோக்கி வேன்கள் புறப்படத் தொடங்கிவிடும். ஆண்டு முழுவதும் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் குனிந்தும், செக்கிங் மேசையின் முன் நின்றும் தேய்ந்த உடல்கள் இரண்டு நாள் குளிர்காற்றை விரும்புவது குற்றமன்று. பூமியில் பயணம் செய்து அல்லாஹ்வின் படைப்பைக் கவனிக்குமாறு திருக்குர்ஆனே (29:20) நமக்குக் கூறுகிறது. ஆகவே கோடைப் பயணம் என்றாலே வீண்விரயம் என்று கண்டிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என்னுடைய வழக்கு வேறு.

இப்போதெல்லாம் நம் குடும்பங்கள் லாட்ஜில் அறை எடுப்பதில்லை. ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ ஒரு முழு வீட்டையே இரண்டு மூன்று நாட்களுக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். காட்டேஜ் என்றும் ஹோம்ஸ்டே என்றும் அதற்குப் பெயர். "கிச்சன் வசதி உண்டு, நீங்களே சமைத்துக்கொள்ளலாம்" என்று வீட்டுக்காரர்கள் சொல்லும்போது நமக்கு மனம் குளிர்கிறது. உணவு ஹலாலா என்ற ஐயம் இல்லை. பெண்களுக்கு ஒதுக்கம் கிடைக்கிறது. செலவும் குறைகிறது. இந்த மூன்று காரணங்களும் நியாயமானவை. அவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான். "நீங்களே சமைத்துக்கொள்ளலாம்" என்கிறார்களே, அந்த "நீங்கள்" யார்?

நான் கண்டதும் நான் செய்ததும்

பிறரைக் குறை கூறுவதற்கு முன் என்னைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மே மாதத்தில் உறவினர்களான மூன்று குடும்பத்தார் சேர்ந்து கோத்தகிரிக்கு அருகே ஒரு வீட்டை மூன்று நாட்களுக்கு எடுத்தோம். பிள்ளைகளோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். அரிசி, மசாலா, ஐஸ் பெட்டியில் கறி, ஒரு வாளி இட்லி மாவு, இரண்டு குக்கர் எல்லாம் வேனில் ஏறின.

நண்பகலில் போய் இறங்கினோம். ஆண்கள் நாங்கள் மலையேறிய களைப்போடு சோபாவில் சாய்ந்தோம். "குளிருக்குச் சூடா ஒரு டீ கிடைச்சா நல்லாருக்கும்" என்று ஒருவர் சொன்னார். அதைச் சொன்னவர் நானாகவும் இருக்கலாம். அதே வேனில், அதே வளைவுகளில், மடியில் குழந்தையோடு வந்த பெண்கள் புர்காவைக் கழற்றுவதற்கு முன்பே லைட்டர் எங்கே, சர்க்கரை டப்பா எந்தப் பையில் என்று தேடத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த வீட்டில் இருந்தது இரண்டு பர்னர் அடுப்பு. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. எனவே திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேக நம் ஊரைவிட அதிக நேரமாகும். நீலகிரியில் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் பதினெட்டுப் பேருக்கும் குடிநீரை அந்த அடுப்பில்தான் காய்ச்ச வேண்டியிருந்தது. மதிய உணவு முடிந்தபோது மணி மூன்றரை. பாத்திரம் கழுவி முடிந்தபோது நான்கரை.

அன்று மாலை கோடநாடு காட்சிமுனைக்குப் போனோம். மோயாற்றுப் பள்ளத்தாக்கும் கீழே தெங்குமரஹாடாவும் தெரியும் இடம் அது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டி அல்லாஹ்வின் வல்லமையைப் பற்றிச் சிறிது பேசினேன். எங்களோடு வந்த ஐந்து பெண்களில் இருவர் மட்டுமே வேனில் ஏறியிருந்தார்கள். மற்ற மூவர் இரவு உணவுக்காக வீட்டில் தங்கிவிட்டார்கள். அந்த மூவரில் என் மனைவியும் ஒருவர். நாங்கள் திரும்பி வந்து ஆண்கள் ஜமாஅத்தாக மஃரிப் தொழுதோம். பெண்களோ அடுப்பை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொண்டு, தனித்தனியே அவசரமாகத் தொழுதார்கள்.

கடைசி நாளில் வீட்டை ஒப்படைக்கும் முன் பாத்திரங்களைக் கழுவி அடுக்க வேண்டும், குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கூறியிருந்தார். அமானத்தைத் திருப்பிக் கொடுக்கும் அந்த வேலையையும் பெண்களே செய்தார்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். வேனில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், "பொம்பளைங்க எப்பவும் லேட்டுதான்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

ஊர் திரும்பிய இரவு மனைவியிடம், "பயணம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் கோபமாகப் பதில் சொல்லவில்லை. யோசித்துவிட்டுத்தான் சொன்னார்: "நம்ம வீட்டு அடுப்பே பரவாயில்லைங்க. எது எங்க இருக்குன்னு தெரியும்."

கைப்பேசியில் இருந்த புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் அவர் இருந்தது ஒன்றே ஒன்றில்தான். அதிலும் பிள்ளைகளுக்குப் பின்னால், சமையலறை வாசலில், கை துடைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலை எட்டரைக்கு என் அண்ணன் மனைவி வழக்கம்போல் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு விடுமுறை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயணத்திற்கு முந்தைய வாரம்தான் மதரஸா மாணவர்களுக்கு ஒரு ஹதீஸை விளக்கியிருந்தேன். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அவர்கள் தம் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் அன்னையவர்கள் பதிலளித்ததாக புகாரியில் பதிவாகியுள்ளது. இந்த ஹதீஸின் இரண்டாம் பாதியை நான் கோத்தகிரியில் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

இந்த வீடுகள் யாருக்காகக் கட்டப்பட்டன?

மலையில் ஓய்வு வீடு என்னும் வழக்கம் நம்முடையதன்று. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் ஊட்டியில் ஸ்டோன்ஹவுஸைக் கட்டினார். கல் பங்களா என்று மக்கள் அழைத்த அந்தக் கட்டடம் இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதற்குப் பின் நீலகிரியில் துரைமார்களின் பங்களாக்கள் வரிசையாக எழுந்தன. அந்த வீடுகளுக்கு ஓய்வெடுக்க வந்தவர்கள் சமைக்க வரவில்லை. பின்கட்டில் பட்லரும் சமையற்காரரும் நின்றார்கள்; முன்கட்டில் துரையும் துரைசானியும் அமர்ந்தார்கள்.

இங்கிலாந்தின் கடலோரக் கிராமங்களில் இன்று இத்தகைய வீடுகளைச் சமையலறையோடு வாடகைக்கு விடுகிறார்கள். சனிக்கிழமை முதல் அடுத்த சனிக்கிழமை வரை வாரக் கணக்கில் எடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். செல்ஃப் கேட்டரிங் என்று அதற்குப் பெயர். வேலையாள் இல்லை, தங்குபவர்கள் தம் உணவைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள்.

நம்மிடம் வந்து சேர்ந்தபோது இந்த ஏற்பாடு எப்படி ஆனது? பட்லர் போய்விட்டார், துரையின் நாற்காலி மட்டும் காலியாகவில்லை. நம் வீட்டு ஆண்கள் அதில் உட்கார்ந்துவிட்டார்கள். பின்கட்டில் நின்ற பட்லரின் இடத்தில் இன்று நிற்பவர் நம் தாயும் மனைவியும் சகோதரியும். நம் வீட்டுப் பெண்ணுக்கு வீடு மாறியது, அடுப்பு மாறியது, வேலை மட்டும் மாறவில்லை. இதற்கு நாமே வாடகையும் கொடுக்கிறோம்.

பயணியிடம் மார்க்கம் காட்டும் இரக்கம்

இப்போது மார்க்கத்தின் பக்கம் வாருங்கள். பயணம் என்று வந்தவுடன் அல்லாஹ் என்ன செய்தான்? மாற்றவே முடியாதது என்று நாம் எண்ணும் கடமையான தொழுகையையே சுருக்கினான். லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத்துகள் இரண்டாயின (4:101). ரமளான் நோன்பையும் பின்னர் நோற்றுக்கொள்ளப் பயணிக்கு அனுமதி கிடைத்தது. அல்லாஹ் நமக்கு எளிதையே விரும்புகிறான் என்பதும் அதே இடத்தில் சொல்லப்படுகிறது (2:185).

ஹனஃபி உலமாக்களின் கணக்கில் ஏறத்தாழ 78 கிலோமீட்டர் செல்லும் எண்ணத்துடன் ஊர் எல்லையைக் கடந்து, ஓரிடத்தில் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்குபவர் முஸாஃபிர் ஆவார். அருள்புரத்திலிருந்து அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி செல்பவர் இந்தத் தொலைவைக் கடந்துவிடுகிறார். அச்சம் நீங்கிய பின்னும் ஏன் சுருக்கித் தொழ வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, இது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள் (முஸ்லிம்).

கோத்தகிரி வீட்டிலும் நாங்கள் கஸ்ர் செய்தே தொழுதோம். அதில் ஒருவரும் தவறவில்லை. என் கேள்வி இதுதான்: தனக்குரிய கடமையையே பயணிக்காகப் பாதியாக்கிக் கொடுத்தவன் அல்லாஹ். நமக்குரிய சாப்பாட்டில் ஒரு வேளையைக்கூடக் குறைத்துக்கொள்ள முடியாத நாம் யார்? வீட்டில் மூன்று வேளை சமைப்பவர் மலையில் மூன்று வேளையோடு நான்கு முறை டீயும், மாலையில் பஜ்ஜியும், இரவில் "குளிருக்கு" சூப்பும் செய்ய வேண்டும் என்றால், அவருடைய பயணத்தில் சுருக்கம் எங்கே இருக்கிறது?

பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் பெண்களிடம் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதற்கு நம்மிடம் பதிவுகள் உண்டு. ஒட்டகங்களை விரைவாக ஓட்டிய அன்ஜஷாவிடம், பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு, மெதுவாக ஓட்டுமாறு கூறினார்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) ஒட்டகத்தில் ஏறுவதற்காகத் தம் முழங்காலைத் தாங்கிக் கொடுத்தார்கள். ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள்; அன்று அன்னையவர்களே வென்றார்கள் (அபூதாவூத்). இன்னொரு பயணத்தில் அன்னையவர்களின் கழுத்தணி தொலைந்துபோனபோது, அதைத் தேடுவதற்காகத் தண்ணீர் இல்லாத இடத்தில் படையே தங்கியது. தயம்மும் என்னும் சலுகை உம்மத்துக்குக் கிடைத்தது அந்தத் தாமதத்தில்தான்.

ஒரு பெண்ணின் கழுத்தணிக்காக ஒரு படை காத்திருந்த வரலாற்றை மிம்பரில் பேசுகிறோம். நாம் தின்ற தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கும் பெண்ணுக்காகப் பத்து நிமிடம் காத்திருக்க முடியாமல் ஹாரன் அடிக்கிறோம்.

நான் எதிர்பார்க்கும் மறுப்புகள்

"சமைப்பது பெண்ணின் கடமை அல்லவா?" என்பது முதல் மறுப்பு. கிதாபுகளைத் திறந்து பார்ப்போம். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் சமையல் மனைவியின் மீது சுமத்தப்பட்ட கடமையாக இல்லை. ஹனஃபி மத்ஹபில் அது மார்க்க ஒழுக்கம் என்ற நிலையில் மனைவியின் பொறுப்பாகக் கூறப்பட்டாலும், தீர்ப்பளித்து அவரைக் கட்டாயப்படுத்தக் காழிக்கு இடமில்லை. வீட்டில் அன்றாடம் அவர் செய்வது பெரும்பாலும் அவருடைய நற்குணம். நற்குணத்தை உரிமையாக எண்ணி, அதை மலை வரை சுமந்துசென்று வாங்குவது எந்த மத்ஹபிலும் இல்லை.

"நாங்களும் வேலை செய்கிறோம், இ-பாஸ் எடுக்கிறோம், வேன் பிடிக்கிறோம், பணம் கொடுக்கிறோம்" என்பது இரண்டாவது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் வேண்டும் என்பது உண்மை. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். அதை எடுக்க அலைந்ததைச் சொல்லிக் காட்டும் ஆண்கள், அது புறப்படும் முன்பே முடிந்துவிட்ட வேலை என்பதை மறந்துவிடுகிறார்கள். பெண்ணின் வேலை போய் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. பணத்தைப் பொறுத்தவரை, கம்பெனிக்குப் போகும் நம் பெண்களின் சனிக்கிழமைச் சம்பளமும் அந்த வாடகையில் கலந்திருக்கிறது.

"ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாதே" என்பது மூன்றாவது. இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ரமளானில் நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது யார்? நிக்காஹ் விருந்துக்குத் தேக்சாவில் பிரியாணி தம் போடுவது யார்? எல்லாரும் ஆண்கள். ஊருக்கே கஞ்சி காய்ச்சத் தெரிந்த ஜமாஅத்தில், வீட்டாருக்கு ரவா உப்புமா கிண்ட ஆளில்லை என்றால் யார் நம்புவார்கள்? தெரியாமை காரணமன்று. ஊரார் பார்க்கச் செய்தால் கித்மத், வீட்டுக்குள் செய்தால் கௌரவக் குறைவு என்று நாம் எண்ணுவதுதான் காரணம்.

"பெண்கள் ஒருவரும் குறை சொல்லவில்லையே" என்பது நான்காவது. என் மனைவியும் நான் கேட்கும் வரை சொல்லவில்லை. கேட்ட பிறகும் அரை வரிதான் சொன்னார். உங்கள் வீட்டில் நீங்கள் கேட்டீர்களா?

என்ன செய்யலாம்?

சமையலறை உள்ள வீட்டை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுங்கள். ஆனால் முன்பணம் அனுப்புவதற்கு முன், யார் எந்த வேளைக்குப் பொறுப்பு என்பதை மஷூரா செய்து முடிவெடுங்கள். நம்பிக்கையாளர்களின் காரியம் ஆலோசனையால் நடப்பது என்று திருக்குர்ஆன் (42:38) சொல்கிறது. அந்த ஆலோசனையில் பெண்களும் உட்காரட்டும்.

ஃபஜ்ரு தொழுதுவிட்டு மீண்டும் போர்வைக்குள் போகாமல் காலைத் தேநீரையும் காலை உணவையும் ஆண்கள் ஏற்றுக்கொள்ளட்டும். ரொட்டியும் முட்டையும் போதும். நாளுக்கு ஒரு வேளை மட்டுமே முழுச் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்குப் புளிச்சோறோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போகலாம். அதைக் கட்டுவதிலும் கை கொடுங்கள். மற்றொரு வேளைக்குச் சுத்தமான சைவ உணவகத்தில் சாப்பிடலாம். ஹராம் எதுவும் கலந்திருப்பதாக அறியாதவரை காய்கறிச் சாப்பாட்டில் நமக்குத் தடையில்லை. ஹலாலைக் காரணம் காட்டித்தான் அடுப்பைத் தூக்கிச் செல்கிறோம் என்றால், மூன்று நாள் கறி இல்லாமல் இருந்து பார்ப்போமே.

வசதி உள்ளவர்கள் அந்த ஊரிலேயே சமையலுக்கு ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். பேசிய கூலியை, நபிமொழி கூறுவதுபோல், வியர்வை உலரும் முன் கொடுத்துவிடுங்கள். வீட்டை ஒப்படைக்கும் நாளில் பாத்திரம் கழுவுவது ஆண்களின் வேலையாக இருக்கட்டும். அந்த நேரத்தில் பெண்கள் வேனில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கட்டும்.

பெரியம்மாக்களுக்கும் மாமிகளுக்கும் ஒரு வார்த்தை. பேரன் தட்டைக் கழுவ எழுந்தால், "நீ போப்பா, அக்கா பார்த்துக்குவா" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லால் நீங்கள் நாளைய ஒரு மருமகளின் பயணத்தையும் அடுப்படியில் கட்டிப்போடுகிறீர்கள்.

இந்தக் கோடையில் நாங்கள் மீண்டும் புறப்படுகிறோம், இன்ஷா அல்லாஹ். மூன்று குடும்பத்து ஆண்களையும் எங்கள் வீட்டில் உட்கார வைத்து ஒரு தாளில் வேலைகளை எழுதினோம். முதல் நாள் காலைச் சமையல் என் பெயரில் இருக்கிறது. இருவர் முணுமுணுத்தார்கள். "ஹஜ்ரத், இதெல்லாம் தேவையா?" என்று ஒருவர் கேட்டார். தேவைதான் என்றேன். என் மனைவி அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "உப்புமாவுக்கு எத்தனை டம்ளர் தண்ணின்னு தெரியுமாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒன்றுக்கு இரண்டரை என்று கற்றுக்கொண்டேன்.

நம் பயணங்களை நம் குடும்பத்தார் அனைவருக்கும் ஓய்வாகவும் நன்றியுணர்வாகவும் ஆக்கி, நமக்கு அளித்த சலுகையை நாமும் பிறருக்கு அளிக்கும் மனதை வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.